நீலம் வாங்காதவர்கள்

மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தாள் என்றால், ஆவுடைத்தாய் அப்புறம் இந்த உலகத்தில் இல்லை. கட்டைவிரல் எண்ணுகிற கருவியை ‘டக் டக்’ என்று தட்டிக்கொண்டிருக்கும். பக்கத்தில் டீ ஆடை கட்டிக் கிடக்கும். வாய் மட்டும் ஓயாது. “அண்ணாச்சி, வந்த சோலி முடிஞ்சிட்டுல்லா? பைய கெளம்புங்க.”

அண்ணாச்சி என்பது ரத்தத்து வெள்ளையணு! பாளையங்கோட்டையில் மாரடைப்பை ஆராய்கிற கூடமொன்றில் இருபத்திரண்டு வருடமாக அவளுக்கு இதே வேலை. ரத்தம் எடுத்து, வெள்ளையணுக்களைத் தட்டில் வைத்து, மறுநாள் உயிரோடிருப்பவற்றை எண்ண வேண்டும். செத்தது நீலச்சாயத்தை வாங்கிக்கொள்ளும். உயிருள்ளது வாங்காது, ஊறவைத்த ஜவ்வரிசி மாதிரி வெளுத்து மிதக்கும். பார்க்கப் பார்க்க அறையே நீலத்தில் மெதுவாக அசைவதுபோல இருக்கும் அவளுக்கு.

யாராவது வாயைக் கிளறினால் போதும், கல்யாண வீட்டுக்கே கூட்டிப் போய்விடுவாள். “இருதயக் கொழாய் அடைச்சா, செத்த சதையக் கூட்டிப் பெருக்க அண்ணாச்சிமார் வருவாக. சோலி முடிஞ்சதும் அவுகளும் போய்ச்சேரணும். ரத்தத்த ஒறைய வைக்கிற இந்தப் பொடிசுக, பிளேட்லெட்டு, விடுதாளுவளா? கல்யாணப் பந்தி மாதிரி கையப் புடிச்சிக்கிட்டு, ‘இன்னும் ஒரு வாய் பாயாசம்’ம்பாளுவ. அண்ணாச்சிக்கு ஆயுசு கூடிரும். சும்மா இருப்பாகளா? நல்ல சதையையும் கடிக்க ஆரம்பிச்சிருவாக.” அப்புறம் தட்டைப் பார்த்து ஓர் அதட்டல்: “ஏட்டி, விடுங்கட்டி அவுகள!”

போன வாரம் அந்த அதட்டல் நின்றுபோயிற்று. அம்பாசமுத்திரத்தில் பஸ் ஏறப் போன அவள் கணவர் குற்றாலலிங்கம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் அடைப்பை எடுத்தாயிற்று. ஆராய்ச்சிக்கென்று அவர் ரத்தமும் இவள் மேஜைக்கே வந்தது. மூன்றாம் நாள் எடுத்த ரத்தத்தில், பிளேட்லெட்டையும் சேர்த்து வைத்த தட்டில், நூற்றுக்கு அறுபத்திரண்டு பேர் உயிரோடு! “இது ஆராய்ச்சிக் கணக்குதான், அக்கா. இத வச்சு சார் இருதயம் எப்படி இருக்குன்னு சொல்ல முடியாது” என்றார் ஆராய்ச்சியை நடத்துகிற டாக்டர் மதுமதி. சொன்னால் மனசு கேட்கிறதா?

இன்று எண்ணுவது அவருடைய ஏழாம் நாள் ரத்தம், இதுவும் பிளேட்லெட் சேர்த்த தட்டுதான். விரல் பயந்து பயந்து தட்டுகிறது. நீலம். நீலம். மறுபடியும் நீலம். நூறு முடிந்தபோது வெள்ளை பதினொன்றுதான்.

“போய்ச்சேந்துட்டாக” என்றாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, சந்தோஷம் தாங்காமல் அழுதாள்.

எண்ணியது போக மிச்சத்தை, எல்லாவற்றையும் கொன்றுவிடுகிற மருந்துத் தண்ணீரில் கொட்டிவிட வேண்டும். இத்தனை வருடத்தில் ஒருநாளும் அவள் யோசித்ததில்லை. இன்று சாய்க்கப் போன கை அப்படியே நின்றது. உள்ளே இன்னும் சிலர் உயிரோடிருப்பார்கள். எல்லாம் அவர் ரத்தம்.

தட்டை மூடினாள். அணுக்களை உயிரோடு வைத்திருக்கிற இளஞ்சூட்டுப் பெட்டியைத் திறந்து, சத்தமில்லாமல் அதை உள்ளே வைத்தாள்.

“இருங்க” என்றாள். “காலைல பாப்போம்.”