கதவடியில் ஒட்டிய ரப்பர்

கண்டக்டரம்மா பஸ்ஸை விட்டு இறங்கிப் பல வருஷங்கள் ஆகிவிட்டன. குரல் மட்டும் இன்னும் இறங்கவில்லை. "உள்ளே போங்க, படியில நிக்காதீங்க" என்று ஊரையே நகர்த்திய அந்தக் குரலுக்கு அசையாத ஒரே ஆள், அவள் கட்டிக்கொண்ட எலெக்ட்ரீஷியன்தான்.

அவருக்கு நுரையீரல் கெட்டுப்போயிருந்தது. குளித்துவிட்டு வந்தால் உதடு நீலம் பாரித்துவிடும். குளியலறையில் ஆவி கலையாமல் நிற்கும், சுவரெல்லாம் கரும்பூஞ்சை. மேலே எக்ஸாஸ்ட் ஃபேன் பேருக்குச் சுற்றிக்கொண்டிருக்கும். இன்னொரு தடவை மூச்சு முட்டினால் தாங்கமாட்டார் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"வேற ஃபேன் மாட்டணும்."

"ஃபேன் நல்லாத்தான் இருக்கு."

"நீங்க மாட்டினதாச்சே, வேற என்ன சொல்வீங்க?"

வேறு எலெக்ட்ரீஷியனை வரவழைத்தாள். வாசலோடு அவனைத் திருப்பி அனுப்பிவிட்டார் மனுஷன். அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. தானே கடைக்குப் போய்ப் புது ஃபேன் வாங்கி வந்து, ஸ்டூலைப் போட்டு ஏறிவிட்டாள். அவர் வெளியே நாற்காலியில் உட்கார்ந்து நாட்டாமை செய்தார்.

"மெயினை அணைச்சியா?"

"அணைச்சாச்சு."

"ஸ்க்ரூவை அவ்வளவு முறுக்காத. அது என்ன என் கழுத்தா?"

"கழுத்தா இருந்தா இன்னும் ரெண்டு சுத்து முறுக்கியிருப்பேன்."

மாட்டி முடித்து, மெயினைப் போட்டு, கதவைச் சாத்திக்கொண்டு ஃபேனை ஓடவிட்டாள். ஒரு துண்டு செய்தித்தாளை அதன் கம்பி வலைமேல் வைத்துப் பார்த்தாள். காற்றை இழுத்தால் தாள் ஒட்டிக்கொள்ள வேண்டும். தாள் கீழே விழுந்தது. மறுபடி வைத்தாள், மறுபடி விழுந்தது.

அவரைத் திட்டுவதற்காக ஸ்டூலில் நின்றபடியே கதவை எட்டித் தள்ளினாள். மறு கையிலிருந்த தாள் சட்டென்று வலையில் போய் ஒட்டிக்கொண்டது. கதவைச் சாத்தினாள். விழுந்துவிட்டது.

இறங்கிக் குனிந்து பார்த்தாள். கதவின் அடியில், உள்பக்கம், ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை கறுப்பு ரப்பர் பட்டை. பிசிறில்லாமல் வெட்டி ஒட்டிய கை யாருடையது என்று அவளுக்குத் தெரியாதா? கதவை விரியத் திறந்தாள்.

"வெளிக்காத்து உள்ளே வந்தாத்தானே ஃபேன் எதையாவது வெளியே தள்ளும்? இது உங்களுக்குத் தெரியாதாக்கும்?"

"தெரியும்."

"தெரிஞ்சேவா ஒட்டினீங்க?"

அவர் ஹாலைப் பார்த்தார். அங்கே மருமகள் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஆபீஸ் வேலையில் இருந்தாள்.

"குளிக்கிறப்போ இருமல் நிக்கமாட்டேங்குது. அன்னைக்கு அவகிட்ட போன்ல யாரோ என்ன சத்தம்னு கேட்டாங்க. டி.வி.ன்னு சொன்னா. நான் உள்ளேதான் இருந்தேன்."

கண்டக்டரம்மா தரையில் உட்கார்ந்து ரப்பரைப் பிய்த்தாள். பிசின் பெயராத இடத்தில் நகத்தால் சுரண்டினாள். பிய்த்ததைக் கொண்டுபோய் மருமகளின் லேப்டாப் மேல் போட்டாள்.

மருமகள் மைக்கைப் பொத்திக்கொண்டாள். "என்ன அத்தை இது? மீட்டிங்ல இருக்கேன்."

"உன் டி.வி. சத்தத்தை அமுக்க உங்க மாமா ஒட்டினது. உள்ளே மூச்சுமுட்டிச் செத்தாலும் சத்தம் வெளிய வரக்கூடாதாம். பிச்சுட்டேன். இனிமே நல்லாக் கேக்கும்."

மருமகளுக்கு முகம் செத்துப்போயிற்று. பின்னால் அவர் இருமத் தொடங்கினார். அவள் மைக்கிலிருந்து கையை எடுத்தாள்.

"எங்க மாமனார் இருமறார்," என்றாள். "அவருக்கு உடம்பு சரியில்லை."

"இதைச் சொல்ல இவ்வளவு நாளாச்சு," என்று அவள் காதில் விழும்படியே சொல்லிவிட்டு, கண்டக்டரம்மா அவருக்கு வெந்நீர் போடப் போனாள்.