பிஸ்கட் டின்னுக்குள் அடித்த போன்

“...எஸ்டேட் கேட்டத் தாண்டும்போதே சொன்னேன்லா, முனியாண்டி கோயில் முன்னால ஒரு எலுமிச்சம்பழத்த நசுக்கிட்டுப் போங்கன்னு! கேட்டீங்களா?” என்று அண்ணி, வேன் ஓட்டி வந்த மாமாவைப் பிடித்துக்கொண்டார்.

“முனியாண்டி என்னம்மா, டோல்காரரா? கட்டாமப் போனா துரத்திக்கிட்டு வர்றதுக்கு?” என்றார் மாமா. வேறு நாளாக இருந்தால் அண்ணியே சிரித்திருப்பார்.

போர்ட்டிக்சன் கடற்கரையில் ஒழுகுகிற கூரை ஒன்றின் கீழ் ஒன்பது பேர் ஒண்டிக்கொண்டு நின்றோம். பள்ளி விடுமுறைக்காக மந்தின் ஊருக்குப் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து வந்தவர்கள். வண்டி வெளியூர் கிளம்பினால் வாசல் கோயிலில் சக்கரத்துக்குப் பழம் வைப்பது எங்கள் வழக்கம். அன்று அவசரத்தில் விட்டுப்போனது உண்மைதான்.

காலையில் வெயில் பளீரென்று இருந்தது. அண்ணன், ஒரு மலாய்க்காரப் பெரியவரோடு அவருடைய சின்னச் சம்பான் படகில் தூண்டில் போடப் போனார். கொஞ்ச நேரத்தில் சுமத்ரா பக்கமிருந்து இருட்டிக்கொண்டு வந்தது. அடித்த காற்றில் கடல் எது, வானம் எது என்று தெரியவில்லை. சம்பானைக் காணோம். மழை குறைந்தால்தான் தேடப் போக முடியும் என்று கரைக் காவலர்கள் சொல்லிவிட்டார்கள்.

அண்ணி யாரையாவது திட்டிக்கொண்டே இருந்தார். மாமா முடிந்தால் தூண்டில் வாங்கித் தந்த நான்; நான் முடிந்தால் பசிக்கிறது என்ற பிள்ளைகள். விஷயம் வேறு. கடலுக்கு வந்தால் எல்லார் போனும் அண்ணியின் பிஸ்கட் டின்னுக்குள் போய்விடும். முன்பொரு தடவை உப்புத்தண்ணி பட்டு இரண்டு போன் செத்ததிலிருந்து அதுதான் சட்டம். அன்று அண்ணன், “என்னுது மட்டும் கையில இருக்கட்டுமே” என்று கெஞ்சினார். அண்ணிதான் பிடுங்கி உள்ளே போட்டார். எல்லாரும் பார்த்தோம். அதைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

ஒரு மணி நேரம் இருக்கும், டின்னுக்குள் மணி அடித்தது. அண்ணி எவ்வளவு இழுத்தும் மூடி வரவில்லை. நான் வாங்கித் திறந்தேன். அடித்தது அண்ணனுடைய போன். யாரென்று தெரியாத எண். ஸ்பீக்கரில் போட்டேன்.

“அலோ, நான்தான்டா. பெரியவர் போன்லேருந்து பேசறேன். காத்து மாறினதுமே அவரு சம்பானத் திருப்பிட்டாரு. அங்கேருந்து தெரியுதே பெரிய பாறை, அதுக்கு அந்தாண்ட அவரு கிராமம், அந்தக் கம்பத்துல கரையேறிட்டோம். அவரு வீட்டுலதான் சுடச்சுடத் தே குடிச்சிக்கிட்டிருக்கேன்.”

“ஏண்ணே, இவ்ளோ நேரம் கூப்பிடல?”

“யாரு நம்பர்டா எனக்கு மனப்பாடம்? யோசிச்சு யோசிச்சுப் பார்த்தேன், என் நம்பர் ஒன்னுதான் ஞாபகத்துல இருக்கு. அது உங்க அண்ணி டின்னுக்குள்ளதானே கிடக்கும்னு இப்பதான் மண்டைக்கு எட்டிச்சு.”

கூரைக்கடியில் அத்தனை பேரும் சிரித்தோம். நான் சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இருங்க, வேன எடுக்கறேன், போய்க் கூட்டிட்டு வந்துருவோம்” என்று சாவியைத் தேடினார்.

அண்ணி வேனுக்குக் காத்திருக்கவில்லை. சிலிப்பரைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, பாறை இருந்த திசையைப் பார்த்து மழைக்குள் நடக்க ஆரம்பித்தார்.