வெளியே வரும் முன்பே "வெளியே"

லிஃப்ட் மெக்கானிக்கின் பிழைப்பில் ஒரு வேடிக்கை உண்டு. அவர் போகும் கட்டிடத்தில் லிஃப்ட் ஓடாது. ஓடினால் அவரை யார் கூப்பிடப் போகிறார்கள்? மற்றவர்கள் படி ஏறாமல் இருப்பதற்காகத் தான் படி ஏறுகிற இந்த வேலையை ஒருவர் இருபத்தாறு வருடம் பார்த்தார். அதில் இருபத்திரண்டு வருடம் பழுது பார்த்த முட்டியோடு. உட்கார்ந்து எழுந்தால் வலது முட்டி 'டக்' என்று சத்தம் போடும் என்பதால் கம்பெனியில் அவருக்கு டக்கு என்று பெயர்.

கம்பெனி ஆட்கள் ஆடிய கால்பந்து ஆட்டத்தில் போன முட்டி அது. எதிரணியில் யாரும் மேலே விழவில்லை. விழுந்தவர் சொந்த அணிக்காரர், கூடவே வேலை பார்த்த கூட்டாளி. ஜவ்வு கிழிந்தது. டாக்டர் தொடையின் பின்பக்கத்திலிருந்து நாரை எடுத்து, முட்டிக்குள் விட்டு, இரண்டு ஸ்க்ரூ போட்டு முடுக்கினார். "இனிமே உங்க உடம்புலயே ஸ்ட்ராங்கான இடம் இதுதான்" என்றார். டக்கு நம்பினார். முடுக்குகிற தொழில் பார்ப்பவருக்கு ஸ்க்ரூ மேல் ஒரு மரியாதை இருக்கத்தானே செய்யும்.

மேலே விழுந்தவர் மனசு கேட்காமல் தினமும் ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஃபிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு அவர் தங்கையும் வந்தாள். எட்டு மாதத்தில் கல்யாணம். கூட்டாளி மச்சான் ஆனார். "எங்கண்ணன் மட்டும் அன்னைக்கு ஒழுங்கா ஓடியிருந்தா நான் தப்பிச்சிருப்பேன்" என்று டக்குவின் மனைவி இன்றைக்கும் சொல்வாள்.

லிஃப்ட் வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உச்சியில் இருக்கும் மோட்டார் அறைக்கு ஏறி, மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு நிற்பார். இன்னொருவர் தரைத்தளத்துக்குக் கீழே உள்ள குழிக்குள் இறங்குவார். கல்யாணத்துக்குப் பிறகு, கேட்காமலேயே, மச்சான் மேலே போக ஆரம்பித்தார். டக்குவுக்குக் குழி. ஐந்து கம்பி ஏணி, அவ்வளவுதான். வேலை முடிந்து ஏறி வந்து, கதவைச் சாத்திவிட்டு, கையிலிருக்கும் வாக்கி-டாக்கியில் "வெளியே" என்று சொல்ல வேண்டும். அந்த வார்த்தை காதில் விழுந்த பிறகுதான் மேலே இருப்பவர் மெயினைப் போடுவார். மற்ற விதிகளை மீறினால் திட்டோடு போகும். இதை மீறினால் ஆளே போய்விடுவார்.

முதல் பதினாலு வருடம் முட்டி சொன்ன பேச்சைக் கேட்டது. பிறகு காலையில் விறைத்தது, மாலையில் வீங்கியது, மூன்றாவது கம்பியில் உனக்கும் எனக்கும் என்ன என்பது போல் நழுவியது. ஸ்கேன் எடுத்தார்கள். வேறொரு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாராட்டினார்.

"அன்னைக்கு வெச்ச ஜவ்வு அருமையா நிக்குது. சுத்தி இருக்கிறதுதான் மொத்தமா தேஞ்சு போச்சு."

"அப்ப ஆபரேஷன் சக்சஸா?"

"நூத்துக்கு நூறு."

வீடு இடிந்துவிட்டது, பூட்டு மட்டும் புதுசு போல இருக்கிறது என்று யாரோ சொன்ன மாதிரி இருந்தது டக்குவுக்கு.

ஐந்து கம்பி ஏற அரை நிமிடம் ஆயிற்று. கீழே அவ்வளவு நேரம் என்ன செய்கிறான் என்று மச்சான் யோசித்துவிடக்கூடாது. குழி போனால் வேலை போன மாதிரி. எனவே டக்கு ஒரு வழி கண்டுபிடித்தார். முதல் கம்பியில் கால் வைக்கும்போதே "வெளியே" என்றார். சொல்லிவிட்டு, இரண்டு கையாலும் தொங்கி, காலை இழுத்துக்கொண்டு ஏறினார். எப்படியோ ஒவ்வொரு முறையும் அவர் கதவைச் சாத்திய பிறகுதான் மெயின் வந்தது. மச்சானுக்கு வயசாகிறது, கை மெதுவாகிவிட்டது, பாவம் என்று வீட்டில் பரிதாபப்பட்டார். எட்டு வருடம் பரிதாபப்பட்டார்.

போன மாதம் மேனேஜர் கூப்பிட்டு ஒரு காகிதத்தைக் காட்டினார். 'குழி வேலைக்குத் தகுதியில்லை. வெளியே வரும் முன்பே வெளியே என்று சொல்கிறார்.' கீழே மச்சானின் கையெழுத்து. வரும் ஒன்றாம் தேதியிலிருந்து டக்குவுக்குப் புகார் எடுக்கும் போன் மேசை. அந்த மேசை மூன்றாவது மாடியில் இருக்கிறது. லிஃப்ட் கம்பெனியின் அலுவலகத்தில் லிஃப்ட் கிடையாது.

மச்சான் சாமான் அறையில் கேபிள் சுற்றிக்கொண்டிருந்தார்.

"காலை உடைச்ச, சரின்னு விட்டேன். கழுத்தை அறுக்கவும் நீதான் வரணுமா?"

"கத்தாத மாப்ள. ஒண்ணாம் தேதியிலிருந்து எனக்கு வேற ஏரியா. மேல வேற ஆளு நிப்பான். நீ வெளியேன்னு சொன்னா அவன் உடனே போட்டுருவான்."

"நீ மட்டும் என்ன பண்ண?"

"நீ வெளியேங்கிறப்பவே வாக்கியில ஏணிச் சத்தம் கேக்கும். நாப்பது எண்ணிட்டுப் போட்டேன். ஆரம்பத்துல இருபது போதும். அப்புறம் முப்பது. இப்ப நாப்பது."



"தெரிஞ்சதுன்னா என்கிட்ட சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னா குழியில இறங்காம இருப்பியா?"

"இருப்பேன்."

"நீயா? இன்னும் சீக்கிரமா வெளியேம்ப."

வீட்டுக்குப் போய் மனைவியிடம் கொட்டினார். "உங்கண்ணன் எண்ணியிருக்கான்டி! நாப்பது!"

"நாப்பதா? எங்கிட்ட முப்பத்தஞ்சுன்னுல்ல சொன்னாரு" என்றாள் அவள், துணி மடிப்பதை நிறுத்தாமல்.

காகிதத்தில் எழுதிக் கொடுத்தது ஒரு நாள் துரோகம். அதைக்கூட ஜீரணித்திருப்பார். முட்டியும் மச்சானும் மனைவியும் எட்டு வருடமாக ஒரே கட்சியில் இருந்ததுதான் ஆறவில்லை. அவர் எல்லோரையும் ஏமாற்றிக்கொண்டிருந்தார், ஏமாந்தது அவர் ஒருவர்தான்.

மாதக் கடைசி நாளில் இருவருக்கும் சேர்ந்து ஒரு வேலை பாக்கி இருந்தது. அதைச் செய்ய மேனேஜரும் தலையாட்டினார். ஆறு மாடிக் கட்டிடம். மச்சான் ஏறினார், டக்கு இறங்கினார். வேலையை முடித்துவிட்டு, வாயைத் திறக்காமல் ஏணி ஏறினார். மூன்றாவது கம்பியில் முட்டி வழக்கம் போலக் கைவிட்டது. தொங்கினார், ஏறினார், கதவைச் சாத்தினார். மாடிப்படியின் கடைசிப் படியில் காலை நீட்டி உட்கார்ந்து, வாக்கியை மடியில் வைத்துக்கொண்டு எண்ண ஆரம்பித்தார்.

"மாப்ள?" என்றது வாக்கி. பன்னிரண்டு.

"வெளியேயா மாப்ள?" இருபத்தாறு.

"ஏய், பேசு!" நாற்பது. நாற்பது இவ்வளவு நீளம் என்று டக்குவுக்கு அதுவரை தெரியாது.

மேலேயிருந்து தடதடவென்று செருப்புச் சத்தம் இறங்கி வந்தது. கடைசித் திருப்பத்தில் மச்சான் வெளிறிய முகத்தோடு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உயிரே போயிருச்சு! வாயில என்ன வெச்சிருக்க?"

டக்கு வாக்கியைத் தூக்கி, எதிரில் நின்றவரைப் பார்த்துக்கொண்டே அழுத்தினார். "வெளியே." மச்சானின் இடுப்பிலும் அது ஒரு முறை கேட்டது.

மச்சான் படிகளைத் திரும்பிப் பார்த்தார். ஆறு மாடி.

"தண்ணியாவது குடிச்சிட்டுப் போறேனே."

"மெயினைப் போட்டுட்டு லிஃப்ட்ல வந்து குடி" என்றார் டக்கு.