அசேலியாவுக்குச் சுண்ணாம்பு அடித்தவள்

போன வாரம் திருவண்ணாமலையில் திடீரென்று ஒரு மழை. தெருவே காயப்போட்ட துணியை எடுக்க மொட்டை மாடிக்கு ஓடியது. நான் அண்டா, குண்டா, இட்லிப் பானை சகிதம் ஓடினேன் – மழையைப் பிடிக்க!

"குழாயில தண்ணி வருதே, அப்புறம் எதுக்கு இந்தக் கூத்து?" என்றார் என் கணவர்.

குழாய்த் தண்ணீர் நமக்கு. மழைத் தண்ணீர் அசேலியாவுக்கு.

அது ஒரு பூச்செடி. குளிர்ப்பிரதேசத்தில் புதர் புதராகப் பூக்கும். எங்கள் மாடி போர்ஷனில் குடியிருக்கும் ஷீலாவுடையது. வங்கி வேலையில் குன்னூரிலிருந்து மாற்றலாகி, போன ஜூனில் வந்தார். சாமான்கள் எல்லாம் வேனில் வந்தன. இந்தத் தொட்டி மட்டும் பஸ்ஸில், அவர் மடியில் வந்தது.

செங்கம் ரோட்டு வெயிலில் குன்னூர்ச் செடி என்ன செய்யும்? ஷீலாவுக்கும் அதே கவலைதான். ஒரே மகள் பெங்களூரில். இவர் இங்கே தன்னந்தனியாக. ஊர் கொஞ்சமும் ஒட்டவில்லை.

"இது பொழைச்சுதுன்னா நானும் இருக்கேன்க்கா. இல்லைன்னா ஏப்ரல் டிரான்ஸ்ஃபருக்கு எழுதிக் கொடுத்துட்டு ஊருக்கே போயிடுவேன்" என்றார், வந்த புதிதில்.

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை.

எனக்கோ அவரை விட மனசில்லை. சாயங்கால டீ, பௌர்ணமிக்குச் சேர்ந்து கிரிவலம், நான் சொல்லும் அறுவை ஜோக்குக்கெல்லாம் சிரிப்பு… ஐம்பத்தாறு வயதில் ஒரு சிநேகிதி கிடைப்பது லேசான விஷயமா?

செடியை அவர் கவனித்த அழகு இருக்கிறதே! தேங்காய் நார்த்தூளும் இலை மக்கும் கலந்த மண். காலை வெயில் மட்டும். மழைத் தண்ணீரை டிரம்மில் சேர்ப்பார்; ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரைக்கூடப் பிடித்து வைத்து ஊற்றுவார். "இங்க போர் தண்ணியில சுண்ணாம்பு அதிகம்க்கா. இதுக்குப் புளிப்பான மண்ணுதான் ஒத்துக்கும்" என்று எனக்குப் பாடமே எடுத்தார். நானும் தலையாட்டினேன். தலையாட்டுவது வேறு, காதில் வாங்குவது வேறு அல்லவா?

கார்த்திகை தீபம் வந்தது. தீபத்துக்கு எங்கள் வீட்டில் காம்பவுண்டுச் சுவர், துளசி மாடம், பூந்தொட்டி என்று எதையும் விட்டுவைப்பதில்லை. வெள்ளைச் சுண்ணாம்பு, மேலே காவிப் பட்டை. ஷீலா பேங்குக்குப் போயிருந்தார். அவருடைய மண்தொட்டி பாசி பிடித்துக் கறுத்துக் கிடந்தது. அதற்கு மட்டும் தீபம் இல்லையா? உள்விளிம்பும் வெளிப்புறமும் இரண்டு கோட்டிங் அடித்தேன். பக்கெட்டைக் கழுவிய தண்ணீரையும், எறும்பு வராது என்று அதிலேயே ஊற்றினேன். அன்பு மிகுதி!

"புது பெயின்ட்டா? அழகா இருக்குக்கா" என்றார் ஷீலா. எனக்கு ஒரே பெருமை.

மூன்று வாரத்தில் இலையெல்லாம் மஞ்சள். நரம்பு மட்டும் பச்சை. போனில் தேடிப் பார்த்தேன். காரணம் புரிந்தது. என் சுண்ணாம்புதான்!

"என்னாச்சுன்னே தெரியலைக்கா…"

"வெயில் ஜாஸ்தியாயிடுச்சும்மா" என்றேன். மார்கழி மாதத்தில்!

அடுத்த நாள் ஷீலா டிரான்ஸ்ஃபர் ஃபாரத்தோடு கீழே வந்தார். எல்லாம் பூர்த்தி செய்து, கையெழுத்தும் போட்டாயிற்று. "நாளைக்குக் குடுத்துடலாம்னு இருக்கேன். ரெண்டு பேருக்கும் இந்த ஊர் ஒத்துக்கலை."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"ஷீலா, வெயிலும் இல்ல, ஊரும் இல்ல. நான்தான். உன் தொட்டிக்குச் சுண்ணாம்பு அடிச்சுட்டேன். பக்கெட் கழுவுன தண்ணியையும் அதுலயே கொட்டிட்டேன்."

அவர் கத்தியிருந்தால் தேவலை. "அன்னைக்கே சொல்லியிருந்தா அன்னைக்கே மண்ணை மாத்தியிருப்பேனேக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு மாடியேறிப் போனார்.

விருந்தாளிக்கு எனக்குப் பிடித்ததையே பரிமாறிவிட்டு, 'ஏன் சாப்பிடலை?' என்று கோபித்துக்கொள்ளும் ரகம் நான். செடிக்கும் அதைத்தான் செய்தேன். யோசித்தால் ஷீலாவுக்கும்தான். கோயிலுக்கு வா, கிரிவலத்துக்கு வா, எங்கள் ஊர் மாதிரி உண்டா என்று ஆறு மாதமாக இழுத்துக்கொண்டு அலைந்தேனே தவிர, உனக்கு என்ன வேண்டும் என்று ஒரு நாளாவது கேட்டேனா?

ஞாயிற்றுக்கிழமை காலை அவரே கீழே வந்தார். கையில் பழைய நியூஸ் பேப்பர், ஒரு டப். "வாங்க, வந்து பிடிங்க."

தொட்டியை உடைத்தோம். வேரை நோகாமல் உதறி, டிரம்மில் மிச்சமிருந்த மழைத் தண்ணீரில் அலசினோம். புதுத் தொட்டி, புது நார்த்தூள். என் கணவர் ஸ்கூட்டரில் அடி அண்ணாமலை வரை போய், ஒரு சவுக்குத் தோப்பிலிருந்து மூட்டை நிறையச் சருகு கொண்டுவந்தார். மேல் மண்ணில் அதைப் பரப்பினோம். வேலை முடிந்ததும் ஷீலா கையைக் கழுவிக்கொண்டு கிளம்பினார். போகும்போது, "ஃபாரத்தை இன்னும் குடுக்கலை. பார்க்கலாம்" என்றார்.

அதற்குப் பிறகுதான் எனக்கு இந்த மழைப் பைத்தியம் பிடித்தது.

நேற்றுக் காலை மாடியிலிருந்து "அக்கா!" என்று ஒரு கூப்பாடு. மூட்டுவலியைக்கூட மறந்து படியேறினேன். ஷீலா தொட்டி முன்னால் குந்தியிருந்தார். கிளை நுனியில் இரண்டே இரண்டு துளிர். அரிசி அளவுதான் இருக்கும். ஆனால் சுத்தப் பச்சை!

"மொட்டு எங்கயாவது இருக்கா?" என்றேன், பேராசையோடு.

"இந்த வருஷம் வராதுக்கா." தலை தூக்கி, வெயில் விழும் பக்கத்தைப் பார்த்தார். "ஏப்ரல் வந்தா இந்த இடத்துல நேரா வெயில் அடிக்கும். கீழ வடக்குச் சுவர் ஓரமா மாத்திடணும். அங்க இடம் இருக்குமா?"

ஏப்ரலாம்! ஃபாரம் என்ன ஆயிற்று என்று நான் கேட்கவே இல்லை. விறுவிறுவென்று கீழே வந்து, வடக்குச் சுவர் ஓரத்தை அப்போதே பெருக்கி வைத்துவிட்டேன்.