கறுப்புக் கைலி

அப்பாவின் திதிக்கு வருடாவருடம் கிள்ளானில் அம்மா வீட்டில் படைப்போம். ஆட்டுக்கறி, ஸ்டவுட் பீர், ஒரு பாக்கெட் சிகரெட், ஒரு புதுக் கைலி. படைத்து முடிந்ததும் தம்பி அந்தக் கைலியைக் கட்டிக்கொண்டுதான் இலையில் உட்கார வேண்டும். அப்பாவே வந்து சாப்பிடுகிற மாதிரி இருக்கும் என்பார் அம்மா. தம்பிக்கு அப்பாவின் அதே தோள், அதே நடை. சில வருடங்களாக அவன் கைலியோடு அறையிலிருந்து வெளியே வரும்போது எனக்கு உடம்பு சிலிர்த்துப் போகிறது.

கைலி மட்டும் எப்போதும் கறுப்பு. ஏன் என்று நான் கேட்டதேயில்லை.

இந்த வருடம் படையலுக்குக் கொஞ்ச நாள் முன்பு, பிரிக்பீல்ட்ஸில் என் வீட்டுப் பக்கத்துக் கிளினிக்குக்குப் பிரஷர் மாத்திரை வாங்கப் போனேன். ஒரு புது டாக்டர், சின்னப் பெண். என்னை ஆன்டி என்று கூப்பிட்டதிலேயே எனக்குப் பாதிக் கோபம்.

"பெருங்குடல்ல கேன்சர் வர்ற ரிஸ்க் எவ்வளவுன்னு பாத்துடலாம் ஆன்டி. எல்லாருக்கும் ஒரே டெஸ்ட் தேவையில்ல. ஆளுக்குத் தகுந்த மாதிரி செய்யலாம்."

வயது, எடை, சாப்பாடு என்று ஒவ்வொன்றாகக் கேட்டு கம்ப்யூட்டரில் தட்டினாள். கடைசியில், "அப்பா, அம்மா, கூடப் பொறந்தவங்க யாருக்காச்சும் குடல்ல கேன்சர் இருந்துச்சா?"

"இல்ல. அப்பா கேஸ்ட்ரிக்ல போயிட்டாரு."

அப்பா இறந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் எல்லாரும் சொல்கிற பதில் அது, வயிற்றுப்புண் என்று. கம்ப்யூட்டர் எனக்கு ரிஸ்க் குறைவு என்றது. மலத்தைச் சோதித்தால் போதுமாம், உள்ளே கேமரா விட்டுப் பார்க்கிற ஸ்கோப் இப்போதைக்கு வேண்டாமாம்.

"ஆனா ரத்தம் போச்சுன்னா இந்தக் கணக்கெல்லாம் கெடையாது ஆன்டி. யாரா இருந்தாலும் ஒடனே வந்துடணும்" என்றாள்.

அந்த வாரக் கடைசியில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு கைலி வாங்கப் போனேன். நான் எடுத்த இளநீலத்தைப் பேசாமல் திருப்பி வைத்துவிட்டு அம்மா கறுப்பை எடுத்தார். திரும்பும்போது காரில் கிளினிக் கதையை, பரீட்சையில் பாஸான மாதிரி பெருமையாகச் சொன்னேன். அம்மா மடியிலிருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"அப்பாவப் பத்தி கேட்டாங்களா?"

"கேட்டாங்க. கேஸ்ட்ரிக்னு சொன்னேன்."

"கேஸ்ட்ரிக் இல்லடி. அதேதான், குடல்ல. கடைசியில ரத்தமாப் போச்சு. வெளிய தெரியக்கூடாதுன்னு கறுப்புக் கைலிதான் கட்டுவாரு. நான்தான் அலசிப் போடுவேன்."

"ஏம்மா சொல்லல?"

"நீ பொம்பளப் பிள்ள. குடும்பத்துல கேன்சர்னு தெரிஞ்சா யாரு பொண்ணு கேட்டு வருவா?"

வந்த ஆத்திரத்தில் காரை ஓரமாக நிறுத்த வேண்டியதாயிற்று. என் மகளே இப்போது கல்லூரிக்குப் போகிறாள். மாப்பிள்ளை வர வேண்டும் என்று சொன்ன பொய், அவர் வந்து இத்தனை வருடமாகியும் வீட்டை விட்டுக் கிளம்பவில்லை.

அன்றைக்கே டாக்டரைப் போனில் கூப்பிட்டேன். ஒரு பதில் மாறியதும் எல்லாமே மாறிவிட்டது. எனக்கு ஸ்கோப். தம்பிக்கும் ஸ்கோப், அதுவும் அப்பா போன வயதை அவன் நெருங்குவதால் தள்ளிப் போடவே கூடாது என்றாள். தம்பி லோரி ஓட்டுகிறவன். பிடித்து நிறுத்திப் பேசுவதே கஷ்டம்.

"எனக்கு ஒன்னும் இல்லலா அக்கா. நீ போய்ப் பாத்துக்க."

சின்ன வயதில் அப்பா குழாயைத் திறந்துவிட்டுக் குளியலறைக்குள் நெடுநேரம் இருப்பார். பள்ளிக்கு நேரமாகிறது என்று நானும் தம்பியும் கதவைத் தட்டுவோம். இப்போது என் வீட்டில் யார் குழாயைத் திறந்தாலும் உள்ளே அப்பா இருப்பதாகவே தோன்றியது. பகலில்கூடப் பயமாக இருந்தது.

படையல் அன்று அப்பா படத்தின் முன்னால் இருந்த கைலி வெள்ளை. அம்மா தனியாகக் கடைக்குப் போய் மாற்றிக்கொண்டு வந்திருக்கிறார். கற்பூரம் காட்டியதும் அதை எடுத்துத் தம்பியிடம் நீட்டினார்.

"என்னம்மா வெள்ள? கறி பட்டா போகாதே."

"பட்டா படட்டும். எது பட்டாலும் எனக்குத் தெரியணும்."

தம்பி வாங்கிக்கொண்டான். ஆனால் கட்டிக்கொள்ள அறைக்குப் போகவில்லை.

"அப்புறமாக் கட்டிக்கிறேன்மா. சோறு ஆறுது."

இத்தனை வருடத்தில் அவன் அப்படிச் சொன்னதில்லை. அவன் காலைப் பார்த்தேன். கறுப்பு பேண்ட். கொஞ்ச மாதங்களாக அவனை வேறு நிறத்தில் பார்த்த ஞாபகமே எனக்கு வரவில்லை.

அம்மாவும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தார். "எப்பலேர்ந்துடா?" என்றார்.

தம்பி கைலியை மடித்தான். மடித்ததைப் பிரித்து மறுபடியும் மடித்தான். அப்பா படத்தின் பக்கம் திரும்பாமல் என்னைப் பார்த்தான்.

"அக்கா, அந்த டாக்டர் நாளைக்கு இருப்பாங்களா?"