கண்ணாடியில் பாட்டுக் கேட்டவர்

படப்பையிலிருந்து ஒரகடம் போகும் எங்கள் கம்பெனி பஸ்ஸின் டிரைவருக்கு ஒரு பழக்கம். பாட்டைப் போட்டுவிட்டு, யார் இயர்போனைக் கழற்றுகிறார்கள், யார் மாட்டுகிறார்கள் என்று உள்கண்ணாடியில் பார்ப்பார்.

நண்பர்களோடு நான் நடத்தும் சின்ன இசை லேபிளுக்காக, வெளியே தெரியாத எட்டு பேண்டுகளின் பாட்டுகளை ஒரே ஆல்பமாகத் தொகுத்து, பென்டிரைவில் அவரிடம் கொடுத்தேன். முதல் பாட்டு என்னுடையது.

அன்று நான் இறங்கும்போது சொன்னார்: "உன் பாட்டு சோக்கா கீதுப்பா. ஆனா அத்தக் கேட்டதும் அடுத்தது டல்லடிக்குது. எல்லாரும் இயர்போன மாட்டிக்கினாங்க. உன்னோடத தூக்கிடு."

கோபம் வந்தது. ஆனாலும் தூக்கினேன்.

மறுநாள் பஸ் கம்பெனி கேட்டில் நின்ற பிறகும், கடைசிப் பாட்டு முடியும்வரை ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை! எனக்குத் தலைகால் புரியவில்லை.

"உங்களுக்கு எந்தப் பாட்டுண்ணா புடிச்சிது?" என்றேன்.

"நான் எங்க கேட்டேன்? வண்டியில்ல ஓட்டிக்கினு இருந்தேன்" என்றார்.