சகலையின் சிவப்பு அட்டை

சகலைக்கும் எனக்கும் ஒரே நாளில்தான் சிவப்பு அட்டை கிடைத்தது. பினாங்கில் நிரந்தரமாகக் குடியிருக்கலாம் என்பதற்கு அதுதான் அத்தாட்சி. அக்காவை அவரும் தங்கையை நானும் கட்டியிருந்தோம். இருவருக்கும் வேலை ஒரே மளிகைக் கடையில். முதலாளி எங்கள் கீரமங்கலத்துக்காரர். இவர்கள் இல்லாமல் என் கடை நடக்காது என்று ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி, கையெழுத்துப் போட்டு, அட்டையை வாங்கிக் கொடுத்தவர் அவர்தான்.

அந்தச் சூடு ஆறுவதற்குள் சகலை கடையை விட்டுத் துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பெனியின் கிடங்குக்குப் போய்விட்டார்.

"இனிமே நம்மள யாரும் ஊருக்குத் திருப்பி அனுப்ப முடியாது. நீங்களும் வாங்க சகல" என்றார்.

நான் நன்றியைப் பற்றி ஒரு பிரசங்கமே செய்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுப் போனார்.

அதன்பிறகு எனக்கு நிம்மதி போயிற்று. மனிதருக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு. நான் மிளகாய் மூட்டையைப் பிரித்துத் தும்மிக்கொண்டிருக்கும்போது, தேய்த்த வெள்ளைச் சட்டையோடு வந்து நின்று சௌக்கியம் விசாரிப்பார். ஊரில் அவர் வீட்டுக்கு ஓடு போட்டாயிற்றாம். என் மனைவி தன் அக்கா வீட்டுப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டாளாம். கேட்கக் கேட்க எனக்கு வயிறு எரிந்தது.

ஒரே ஒரு ஆறுதல் இருந்தது. எங்கள் கடை ஆட்கள் ஊருக்கு வந்தால், பஸ்ஸை விட்டு இறங்கியதும் பெட்டியை முதலாளி வீட்டில் வைத்து, அங்கே ஒருவேளை சாப்பிட்டுவிட்டுத்தான் சொந்த வீட்டுக்குப் போவார்கள். பெண்டாட்டி பிள்ளைகள் காத்திருந்தாலும் அப்படித்தான். சகலை எந்த முகத்தை வைத்துக்கொண்டு அந்தப் படியேறுவார்? தெருவே பார்க்க, தலையைக் குனிந்துகொண்டு அந்த வீட்டைத் தாண்டிப் போவார். அதைப் பார்க்க வேண்டும் என்றே அவர் வந்த கப்பலில் நானும் வந்தேன். முதலாளியும் அப்போது ஊரில்தான் இருந்தார்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் சகலை பெட்டியைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார்.

"அங்கிட்டு எங்க போறீங்க?" என்றேன்.

"முதலாளி வீட்டுக்குத்தான். வேற எங்க?"

முதலாளி அவரைத் தன் பக்கத்திலேயே உட்காரவைத்தார். எனக்கு இலை வரிசைக் கடைசியில் விழுந்தது. துறைமுகத்தில் எந்தச் சரக்கு எந்த ஊரிலிருந்து வந்து இறங்குகிறது, யார் யார் எடுக்கிறார்கள் என்று அவர் கேட்கக் கேட்க, சகலை சோற்றைப் பிசைந்தபடி சொல்லிக்கொண்டே போனார். மோர் வருவதற்குள் காரியம் முடிந்துவிட்டது.

"ஈப்போவுல புதுசா ஒரு கடை போடுறேன். கூட்டா இருந்து நீயே பாத்துக்கப்பா" என்றார் முதலாளி.

பிசைந்த சோற்றை இலையிலேயே விட்டேன். வாழ்க்கையில் முதல்முறையாக அவரிடம் வாயைத் திறந்தேன்.

"நான் இம்புட்டு நாளும் ஒங்க கடையிலயே கெடக்கேனே, முதலாளி."

அவர் கோபப்படவில்லை. பிரியமாகத்தான் சிரித்தார்.

"ஒனக்கென்னப்பா? நீ எங்கிட்டும் போக மாட்டே. இவனைத்தான் வேற எவனாவது கொத்திட்டுப் போயிருவான்" என்று சொல்லி, எனக்கு இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னார்.

என் சட்டைப் பையிலும் அதே சிவப்பு அட்டைதான் இருந்தது.